உப்புப் போடாத வெங்காயம்

ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்தூருக்குள் கம்பெனி பஸ்கள் அதிகம் வருவதில்லை. மற்ற நாட்களில் ஒரகடம் கூட்டு ரோட்டுப் பக்கமிருந்து ஓயாமல் கேட்கும் ஹாரன் சத்தமும் அன்று அடங்கிக் கிடக்கும். அந்த அமைதியில் ஒரு வீட்டின் எண்ணெய்ச் சட்டி சீறுவதுகூடத் தெருவுக்குக் கேட்கும். கோவிந்தம்மாவின் வீட்டில் அது மூன்றாவது ஞாயிறாகச் சீறிக்கொண்டிருந்தது.

சித்திரை மாதம். உள்ளே அடுப்பு மூட்டினால் வீடு முழுக்க எண்ணெய்ப் புகை நிற்கும் என்று கோவிந்தம்மா கேஸ் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். வாசலில் தகர ஷீட்டு போட்ட நிழல். அதன் கீழே ஒரு பலகை, பலகையின் மேல் அடுப்பு, அடுப்பருகே நின்று பாண்டிச்செல்வி பெரிய வெங்காயத்தை வட்ட வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாண நாளுக்கு அவளும் அவள் கணவன் பிரசன்னாவும் ஸ்ரீபெரும்புதூரில் பைபாஸ் ஓரமாகப் புதிதாகத் திறந்திருந்த கோழிக் கடைக்குப் போயிருந்தார்கள். ஏசி போட்ட கடை. கோழி அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கூடவே ஒரு காகிதக் கூடையில் வந்த வெங்காய வளையங்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கடிக்கும்போது வந்த சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. "வெங்காயத்த வட்டமா அறுத்து மாவுல முக்கிப் போட்டுருக்கான். இத வீட்டுல செய்ய முடியாதாக்கும்?" என்று பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள். சொன்னதைச் செய்துவிடுகிற பெண் அவள்.

முதல் ஞாயிறு, மாவு தனியாகவும் வெங்காயம் தனியாகவும் எண்ணெயில் மிதந்தன. அடுத்த ஞாயிறு மாவைக் கெட்டியாகக் கரைத்தாள். பஜ்ஜி வந்தது.

"இன்னா பாண்டி, இன்னிக்காவது சட்டய கயட்டாத வெங்காயம் வருமா?" என்றாள் மாமியார் கோவிந்தம்மா. அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறவள். வார விடுமுறையில் கத்தியைத் தொடுவதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்டியபடி, வேலை செய்கிறவளிடம் பேசிக்கொண்டிருப்பதுதான் அவளுடைய ஓய்வு.

"இன்னைக்கு வரும் அத்தை."

"போன வாரமும் இத்தான் சொன்ன. இந்த எண்ணைக்கு நான் ஆடி வரிக்கும் அப்பளம் பொரிச்சிருப்பேன்."

அப்போதுதான் கேட்டின் கொக்கியை யாரோ வெளியிலிருந்து தூக்கிப் பார்த்து, மறுபடி போட்டு, மறுபடி தூக்கினார்கள். கொக்கி சரியாக விழுகிறதா என்று சோதிப்பதுபோல. அந்தச் சத்தம் கேட்டதும் பாண்டிச்செல்வியின் கத்தி நின்றது. அப்படிக் கதவைச் சோதிக்கிற ஆள் ஒருவர்தான்.

அவளுடைய அப்பா பெருமாள்சாமி உள்ளே வந்தார். தோளில் ஒரு சின்னச் சாக்கு. கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்து வெளியே தெரிந்தது.

அவர் இந்த வீட்டுக்கு வருவது இரண்டாவது முறை. முதல் முறை வந்தது மகளை வேலைக்குக் கொண்டுவந்து விட. வீட்டுக்குப் பின்னால் கோவிந்தம்மா வரிசையாக மூன்று அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். தெற்கிலிருந்து செல்போன் கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள் அதில் தங்கினார்கள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்த பெருமாள்சாமி, மகள் தங்கப் போகிற அறையின் தாழ்ப்பாளைப் பத்துத் தடவை போட்டும் எடுத்தும் பார்த்து, திருப்தியாகத்தான் ஊர் திரும்பினார். ஒன்றரை வருடம் கழித்து, அந்த அறையிலிருந்த மகள் முன் வீட்டுக்கே மருமகளாகப் போய்விட்டாள். சாதி வேறு. பதிவு அலுவலகத்தில் கல்யாணம். "அந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அவர் சொன்னது இரண்டு வருடமாக அப்படியே நின்றுகொண்டிருந்தது. அம்மா பாப்பம்மாள் ஒரு முறை வந்து, தங்கி, தின்று, அழுது, சிரித்துவிட்டுப் போனாள். அவர் வரவில்லை.

"வாங்கப்பா."

"ம். கோயம்பேட்டுக்கு லோடு கொண்டாந்தேன். லாரிக்காரனுக்குப் படப்பையில சொந்தக்காரக இருக்காகளாம். அங்கன போயிட்டு மத்தியானம் வந்து ஏத்திக்கிடுவான்." சாக்கை இறக்கினார். "உங்க அம்மா குடுத்து விட்டா. நம்ம காட்டுச் சின்ன வெங்காயம்."

கோவிந்தம்மா எழுந்து தன் நாற்காலியைத் துடைத்து அவர் பக்கம் தள்ளினாள். "வாங்கண்ணே. உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் தரேன்."

"வேணாம்மா. தண்ணி வச்சிருக்கேன்."

பாட்டிலை எடுத்துத் தூக்கிக் குடித்தார். அந்த வீட்டுத் தண்ணீரை மறுப்பதற்கென்றே தண்ணீர் சுமந்து வந்திருந்தார்.

கோவிந்தம்மா அதை அப்படியே விடவில்லை. அவளால் அதிக நேரம் சும்மா இருக்க முடியாது. "அன்னிக்கு ரூம் பாக்க வந்தப்ப நம்மூட்டு காபி குடிச்சீங்க. சக்கர கம்மின்னு கேட்டு வேற வாங்கிகினீங்க."

"அன்னைக்கு நான் வாடகைக்கு வந்த பிள்ளையோட அப்பன். குடிச்ச காப்பி காப்பியோட போச்சு."

"இப்ப?"

அவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். "சண்முகசுந்தரத்துக்கு வைகாசியில வச்சிருக்கு. வந்துரு தாயி."

பாண்டிச்செல்வி கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். வாங்கவில்லை. "நானா, நாங்களா?"

"தம்பி கல்யாணம். மொதல்ல நீ வா."

"அம்மாகிட்ட போன்ல சொல்லி விட்டனே, சொன்னாகளா?"

"சொன்னா."

அவள் சொல்லி விட்டது இதுதான்: அப்பா எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் இரண்டு பேரும் வருவோம். இல்லாவிட்டால் இரண்டு பேருமே வரமாட்டோம். கூடப்பிறந்த ஒரே தம்பியின் கல்யாணத்தை வைத்து அவள் அப்படிச் சொன்னது சாதாரணமாக வந்த வார்த்தை அல்ல. சொல்லிவிட்டு அன்று இரவு தூங்காமல் கிடந்தாள்.

பெருமாள்சாமி பத்திரிகையை வெங்காயச் சாக்கின் மேல் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

பேச்சுக் குரல் கேட்டுப் பிரசன்னா உள்ளேயிருந்து வந்தான். குளித்த தலை காய்ந்து முள்ளாக நின்றது. "வாங்க..." என்றான். அதற்கு அடுத்த சொல் வாய்வரை வந்து, திரும்பி உள்ளே போனது. பெருமாள்சாமி தலையை ஒரு பக்கமாக அசைத்தார். அவர்கள் இருவருக்குள்ளும் அதுவரை நடந்த உரையாடல் அவ்வளவுதான்.

பேச ஒன்றும் இல்லாதபோது வேலை இருப்பது நல்லது. பாண்டிச்செல்வி மறுபடி நறுக்கத் தொடங்கினாள். வட்டங்களை விரலால் தள்ளி வளையம் வளையமாகப் பிரித்தாள். பெருமாள்சாமியால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெங்காயத்தோடு முப்பது வருடமாக வாழ்கிறவர்.

"பல்லாரியா?"

"ஆமா."

"பூராத் தண்ணி. இத வச்சு என்னத்தச் செய்யப் போற? சாக்குல நம்மது இருக்குல்ல?"

"அதுல வளையம் போட்டா என் கால் வெரலு மெட்டிதான் வரும்."

கோவிந்தம்மா சத்தமாகச் சிரித்தாள். பெருமாள்சாமியின் மீசையும் லேசாக அசைந்ததை அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பாண்டிச்செல்வி வளையங்களின் மேல் ஒரு பிடி உப்பைத் தூவிக் கையால் பிசிறி வைத்தாள். மைதாவையும் சோள மாவையும் கரைத்தாள். டீக்கடை ரஸ்க்கை நொறுக்கி ஒரு தட்டில் பரப்பினாள். கொஞ்சம் கழித்து வளையத்தை மாவில் முக்கி, ரஸ்க் தூளில் புரட்டி, எண்ணெயில் விட்டாள். அரை நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பக்கம் மாவு விட்டது. கரண்டியால் திருப்பினாள். பூராவும் விட்டது. வெங்காயம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"கயட்டிருச்சு சட்டய" என்றாள் கோவிந்தம்மா.

பாண்டிச்செல்வியின் முகம் சிவந்தது. அடுப்புச் சூடு மட்டும் காரணமில்லை. இன்றைக்காவது சரியாக வந்திருக்கலாம், அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது.

பிரசன்னா கழன்று வந்த மாவுக்கூட்டை எடுத்தான். சூடு பொறுக்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கி உட்புறத்தைப் பார்த்தான். அவன் கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருப்பவன். எதையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவன் கண்ணுக்குப் பழகியிருந்தது.

"பெயிண்டு உரிஞ்ச மாறி பீல் ஆயிருக்கு. எங்க லைன்ல ஒரு டோரு இப்டி வந்துச்சுன்னா நேரா ரிப்பேருக்குத்தான். அடியில ஈரம் கீது பாண்டி. ஈரத்து மேல எந்தக் கோட்டும் நிக்காது."

"நல்லாத் துணியில தொடச்சுட்டுத்தான நறுக்குனேன்?"

"அப்ப ஈரம் எங்கேர்ந்து வருது?"

அவன் கேட்டது மனைவியிடம். பதில் நாற்காலியிலிருந்து வந்தது.

"உப்புப் போட்டுப் பிசிறுனால்ல, அங்கேருந்து."

மூன்று பேரும் திரும்பினார்கள். பெருமாள்சாமி வெங்காயத்தைப் பார்த்தபடிதான் பேசினார். "உப்புப் பட்டா வெங்காயம் அழுதுரும். பக்கோடாவுக்கு அது வேணும். விட்ட தண்ணியிலயே மாவு ஒட்டிக்கிடும். இதுக்கு எதுக்கு? உங்க அம்மாவுக்குப் பக்கோடாக் கையி. அதே கையி உனக்கும்."

"மூணு வாரமாவா இந்த உப்பு என்னைய ஏமாத்துச்சு?" என்றாள் பாண்டிச்செல்வி.

"அப்ப மொதல்ல ட்ரை பண்ணணும்" என்றான் பிரசன்னா. அவனுக்குத் தன் வேலையிடத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. "எங்ககிட்ட கார் பாடிய தொடைச்சு, காத்தடிச்சு, ஒரு பொட்டு எண்ணயில்லாம, தூசில்லாம ஆக்கிட்டுத்தான் ப்ரைமரு. அது காஞ்சதும்தான் கலரு. நாங்க தலைக்கு எண்ண வெச்சுகினு உள்ள போவ முடியாது. பவுடரு போட முடியாது. ஒரு துளி பட்டாலும் பெயிண்டுல அம்மத்தழும்பு மாறிக் குழி விழும்."

"கல்யாணத்தன்னிக்கும் இப்டித்தாண்ணே வந்து நின்னான்" என்றாள் கோவிந்தம்மா. "ஒரு நாளு வெச்சுக்கடான்னா, நாளைக்கு ஷிப்ட்டு கீதுன்னு பரதேசி மாறி வந்தான்."

பெருமாள்சாமி முதல் முறையாகப் பிரசன்னாவின் தலையை நேராகப் பார்த்தார். அந்தக் கல்யாணப் படத்தை மகன் போனில் காட்டியபோது, தாலி கட்டுகிற நாளில் தலைக்கு எண்ணெய்கூட வைக்காத பயல் என்று பாப்பம்மாளிடம் சொல்லியிருந்தார். அதை ஒரு குற்றமாகவே இரண்டு வருடம் வைத்திருந்தார். இப்போது அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவர்போல் மீசையைத் தடவினார்.

"வெங்காயத்தக் குவிச்சு மூடிப் பட்டறை போடும்போது நாங்களும் அப்பிடித்தான்" என்றார். "ஈர வெங்காயம் ஒண்ணு உள்ள போச்சுன்னா அம்புட்டும் அழுகிரும்."

"அதேதான்" என்றான் பிரசன்னா.

புதிதாக இரண்டு பல்லாரியை நறுக்கினார்கள். இந்த முறை உப்பு இல்லை. பெருமாள்சாமி நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்து, ஒரு வளையத்தை எடுத்து, அதன் உட்புறம் கண்ணாடித் தாள்போல் ஒட்டியிருந்த சவ்வைக் கட்டை விரல் நகத்தால் கீறி உரித்தார். "இது இருந்தா வழுக்கத்தான் செய்யும்." இன்னொன்றை எடுத்தார். யாரும் அவரை உரிக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிரசன்னா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வளையங்களுக்கு நேராக வைத்தான். ஐந்து நிமிடம்கூட ஓடியிருக்காது. கரண்ட் போனது. அந்த வருடம் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. வெங்காயம் வியர்க்கத் தொடங்கும் என்ற பதற்றத்தில், அவன் பக்கத்தில் கைக்கு எட்டியதை எடுத்து வேகமாக விசிறினான். எடுத்தது என்னவென்று பார்க்கவில்லை. பாண்டிச்செல்வி பார்த்தாள். சாக்கின் மேல் கிடந்த பத்திரிகை.

கோவிந்தம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் பிரசன்னா தன் கையைப் பார்த்தான். தங்க எழுத்தில் மச்சானின் பெயர் மின்னியது.

பெருமாள்சாமி கையை நீட்டினார். பிரசன்னா அதைக் கொடுத்தான். அவர் வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்தார்.

"மேல நின்னு விசிறுனா தட்டுல இருக்க தூளு பூராப் பறக்கும்" என்றார். "பக்கவாட்டுல விசிறணும்."

குனிந்து, பத்திரிகையைத் தாழப் பிடித்து, களத்தில் தூசி போக்குகிற நிதானத்தோடு அவரே விசிறத் தொடங்கினார். கோவிந்தம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா, வேறெதுவுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

வளையங்கள் காய்ந்தன. பிரசன்னா சொன்னபடி முதலில் வெறும் மைதாவில் புரட்டினார்கள். "ப்ரைமரு" என்றான். பிறகு குளிர்ந்த தண்ணீரில் உப்பும் சேர்த்துக் கரைத்த மாவு. பிறகு ரஸ்க் தூள். உடனே போட வேண்டாம், கொஞ்சம் செட் ஆகட்டும் என்றான். காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் முன்பிருந்த கனம் இல்லை. வெயில் தகர ஷீட்டின் மேல் டிக் டிக்கென்று வெடித்துக்கொண்டிருந்தது.

பாண்டிச்செல்வி முதல் வளையத்தை எண்ணெயில் விட்டாள். கொதித்தது. நுரைத்தது. திருப்பினாள். கழலவில்லை. பொன்னிறமாகி மேலே வந்து, வளையம் வளையமாகவே மிதந்தது. வடிதட்டில் போட்டபோது கலகலவென்று சத்தம் வந்தது.

பெருமாள்சாமி ஒன்றை எடுத்தார். சூட்டோடு இரண்டாக உடைத்து, மாவு வெங்காயத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று உட்புறம் பார்த்தார். ஒட்டியிருந்தது. மண்டியில் சரக்கு பார்க்கும்போது ஒரு வெங்காயத்தை உடைத்துக் கடித்துப் பார்க்கிற கை அது. பார்த்த பாதி, கையோடு வாய்க்குப் போய்விட்டது.

கடித்த சத்தம் வாசல் முழுக்கக் கேட்டது.

மெல்லும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெல்லுவது ஒரு கணம் நின்றது. ஆனால் துப்ப முடியாது. மெதுவாக மென்று விழுங்கினார். பிரசன்னா அடுப்பின் தீயைக் குறைத்தான், குறைக்கத் தேவையில்லாதபோதும்.

"பதம் பாத்தேன்" என்றார் பெருமாள்சாமி, யாரையும் பார்க்காமல்.

"பதம் பாத்தது சாப்பாட்டுல சேராது" என்றாள் பாண்டிச்செல்வி.

"பேசாம இரு பாண்டி" என்று கோவிந்தம்மா பல்லைக் கடித்தாள். கைக்கு வந்த மீனைத் தானே தண்ணீரில் விடுகிறாளே என்று அவளுக்கு இருந்தது.

பாண்டிச்செல்வி கேட்கவில்லை. ஒரு சில்வர் தட்டில் ஏழெட்டு வளையங்களை அடுக்கி, இன்னொரு நாற்காலியை இழுத்து அதன் மேல் வைத்து, அப்பாவின் முன்னால் தள்ளினாள். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர். பிறகு அடுப்புக்குத் திரும்பிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் முதுகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அவர் தட்டைப் பார்த்தார். கையில் மீதிப் பாதி இருந்தது.

அவருடைய பட்டன் போன் அடித்தது. லாரி இரைச்சலிலேயே பேசிப் பழகியதால் அதில் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார். பாப்பம்மாளின் குரல் எல்லோருக்கும் கேட்டது. முப்பது வருடமாகப் போனிலும் நேரிலும் அவள் முதலில் கேட்கிற கேள்வி.

"சாப்ட்டீகளா?"

அவர் கையிலிருந்த பாதியைப் பார்த்தார். விரல்களில் எண்ணெய் மின்னியது. பாப்பம்மாளிடம் அவர் எத்தனையோ மறைத்திருக்கிறார். ஆனால் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்றோ, சாப்பிட்டுவிட்டு இல்லை என்றோ சொன்னதில்லை.

"ம்."

"எங்கன? ஓட்டல்லயா?"

கரண்ட் வந்தது. டேபிள் ஃபேன் ஒரு முனகலோடு சுற்றத் தொடங்கியது. அவர் மடியிலிருந்த பத்திரிகை படபடத்தது. அதை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மக வீட்டுல."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "என்ன சாப்ட்டீக?"

"வெங்காயம்."

"வெங்காயமா? வெங்காயம் கொண்டுக்கிட்டுப் போன மனுசனுக்கு வெங்காயத்தயா குடுத்தா அவ?"

"பல்லாரி. நல்லா மொறுமொறுன்னு இருக்கு." கையிலிருந்த பாதியையும் வாயில் போட்டுக்கொண்டார். மெல்லுகிற சத்தம் விளாத்திகுளத்துக்கும் கேட்டிருக்கும். "அப்பறம் பேசுதேன். மாப்பிள்ளைக்கு சிப்டு எப்பிடின்னு கேக்கணும். முத நாளே வந்துரச் சொல்லணும்."

போனை மடியில் வைத்தார். பாண்டிச்செல்வி திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. வெங்காயம் நறுக்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எரிச்சல் தாங்காமல் "ஆத்தாடி" என்றாள். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். பெருமாள்சாமியும் சிரித்தார்.

"வெறும் வெங்காயத்த தின்னுட்டு எப்டிண்ணே அம்மாந்தூரம் போவீங்க? உள்ள வாங்க. கருவாட்டுக் கொயம்பு கீது" என்றாள் கோவிந்தம்மா.

அவர் செம்புத் தண்ணீரை எடுத்துக் கை கழுவினார். தட்டைத் தானே கையில் தூக்கிக்கொண்டு, வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனார். போகும்போது கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது. அடுத்து ஒன்று, நீளமாக. பிரசன்னா செருப்பைக்கூடப் போடாமல் வெயிலில் ஓடினான். தெரு முனையில் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தான்.

"பெருமாள்சாமி அண்ணாச்சி கெளம்பியாச்சா?"

"கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்றான் பிரசன்னா, மூச்சு வாங்க. "மாமா சாப்டுகினு கீறாரு."